ஒவ்வொரு கண்டெய்னருக்கும் முழு ஃபைலா?

இன்று காலை எங்கள் எண்ணூர் கண்டெய்னர் யார்டில், எந்தக் கப்பலின் கண்டெய்னர்கள் உள்ளே வரலாம் என்று சொல்லும் கேட் பட்டியல் வர நாற்பது நிமிடம். வெளியே லாரி வரிசை.

"இன்னா மேடம், ஒரு லிஸ்ட் எடுக்க இம்மா நேரமா?" டிரைவர் பாஷா கத்தினார்.

அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் எக்ஸ்எஸ்எல்டி புரோகிராமைத் திறந்தேன். கப்பல்வாரியாகப் பிரிக்க, ஒவ்வொரு கண்டெய்னருக்கும் முழு எக்ஸ்எம்எல் ஃபைலையும் முதலிலிருந்து தேடுகிறது! எழுதியவர் எங்கள் மேனேஜர். இதற்காகவா இத்தனை வருடம் டிரைவர்களிடம் நான் திட்டு வாங்கினேன்?

பாஷாவிடம் சொன்னேன்.

"காசிமேட்டுல வஞ்சிரம் தனியா, சங்கரா தனியா கூறு கட்டிதான் விப்பாங்க. உங்க மேனேஜரு ஒவ்வொரு மீனுக்கும் கூடையையே கொட்றாரா?"

ஃபைலை ஒரே தடவை படித்துக் கப்பல்வாரியாகக் குறித்துவைக்க 'கீ' என்ற ஒரு வரிக் கட்டளை எழுதினேன். பட்டியல் நொடியில் வந்தது.

மாலையில் மேனேஜரின் மெயில்: "புது சர்வரால் வேகம் கூடியிருக்கிறது."

அந்தச் சர்வர் இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது. அதன்மேல் கால் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.