டவர் லைன் திரும்பிய பக்கம்

டவர் லைன் வரப்போகிறது என்று எனக்கு முதலில் சொன்னது உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா. ஒரு கல்யாண ஜோடியைப் படமெடுப்பதற்காக விடியற்காலையில் அங்கே போயிருந்தேன். வரப்பின் மேல் புதிதாக நட்டிருந்த ஒரு கல்லைக் காட்டினார். அதன் தலையில் சிவப்பு பெயிண்ட் அடித்திருந்தது. தூரத்தில் அதே மாதிரி இன்னொன்று, அதற்கும் அப்பால் இன்னொன்று. முந்தின நாள் நாலைந்து பேர் வந்து அளந்து நட்டுவிட்டுப் போனார்களாம். பெரிய கரண்ட் லைன் போகிறது, கல் இருக்கிற இடத்திலெல்லாம் டவர் நிற்கும் என்று சொன்னார்களாம்.

எனக்கு மரக்காணத்தில் மெயின் ரோட்டில் ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோவும் லேமினேஷனுமாக ஓடிக்கொண்டிருந்த கடையைத் தூக்கி நிறுத்தியது உப்பளம்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியை வெளியே அழைத்துப் போய்ப் படமெடுக்கும் பழக்கம் வந்தபோது மற்றவர்கள் மாமல்லபுரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் போனார்கள். நான் இங்கே அழைத்து வந்தேன். காற்று கிளம்புவதற்கு முன் பாத்தித் தண்ணீர் அசையாது. வானம் அப்படியே கீழே கிடக்கும். வரப்பில் நிற்கும் பெண்ணின் புடவை மேலும் தெரியும், கீழும் தெரியும். படத்தைப் பார்த்தவர்கள் இது எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அந்த அக்கா இல்லையென்றால் அது நடந்திருக்காது. பிரம்மதேசத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் வேலைக்கு வருபவர். உப்பு மூட்டை வைக்கிற கொட்டகையின் சாவி அவரிடம் இருந்தது. பெண்கள் புடவை மாற்ற அதைத் திறந்துவிடுவார். செருப்போடு பாத்தியில் இறங்கினால் மட்டும் மணப்பெண்ணாக இருந்தாலும் திட்டுவார்.

லைனை எதிர்க்க ஒரு குழு சேர்ந்தது. அனுமந்தைக்குப் போகிற வழியில் உப்பளத்தைப் பார்த்தாற்போல் தங்கும் விடுதி கட்டியிருந்த ஒருவர் அதற்குத் தலைவர். நான் போட்டோக்காரன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார். மனுவோடு வைக்க ஒரு பெரிய படம் போட்டேன். விடியற்கால உப்பளம் ஒரு பாதியில். டவர்கள் வந்தபின் எப்படி இருக்கும் என்பது மறு பாதியில். டவர்களைக் கம்ப்யூட்டரில் நான்தான் நட்டேன். இருக்க வேண்டிய உயரத்தைவிடக் கொஞ்சம் கூடவே வைத்தேன். அது அப்போது தப்பாகத் தோன்றவில்லை.

உப்பளப் பெண்களிடம் கையெழுத்து வாங்கித் தந்தது அக்காதான். மதிய இடைவேளையில் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பாத்தியாகப் போனார். தங்கும் விடுதிக்காரருக்கு அந்தக் காட்சி வேண்டும், எனக்கும் வேண்டும், இவருக்கு எதற்கு என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. கேட்டும்விட்டேன்.

"நாள் முழுக்க குனிஞ்சே கிடக்கறோம் தம்பி. இடுப்பு புடிச்சி நிமுந்தா வானம் ஒண்ணுதான் இருக்குது. அதுலயும் கம்பி கட்டிட்டா இன்னாத்த பாக்கறது?" என்றார்.

நாங்கள் மனுவில் பறவைகள், சுற்றுலா என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம். அவர் சொன்னதை எழுதவில்லை.

மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். என் படத்தை முன்வரிசையில் நிறுத்தியிருந்தோம். அதிகாரிகள் அதை நின்று பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்து லைன் வேலையைக் கவனிக்கும் இன்ஜினியர் தலைவரையும் என்னையும் திண்டிவனத்திலிருந்த தன் ஆபீசுக்கு வரச்சொன்னார். அமைதியான மனிதர். மேஜையில் ஒரு வரைபடத்தை விரித்தார். உப்பளத்தின் மேல் நேராகப் போன பழைய கோடு அடிக்கப்பட்டிருந்தது. புதுக்கோடு முன்னாலேயே மேற்கே திரும்பி, வயல்களின் மேல் போய், வெகுதூரம் தள்ளி மறுபடி வடக்கே ஏறியது.

தலைவருக்குச் சந்தோஷம். நான் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துப் போனேன். ஓர் ஏரி. ஏரிக்கரையை ஒட்டி ரோடு வளைகிற இடம். வளைவுக்கு அடுத்து மோட்டார் கொட்டகை போட்ட ஒரு கிணறு. அந்த இடம் எனக்குத் தெரியும். அக்காவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது படமெடுக்கப் போயிருக்கிறேன். கிணற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த மனையைக் காட்டி, இது எங்கப்பா எனக்கு எழுதி வெச்சது, இங்கதான் வீடு கட்டப் போறேன் என்று சொல்லி, அதன் நடுவில் குடும்பத்தையே நிற்க வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். கோடு அந்த இடத்தின் மேல்தான் போனது.

இன்ஜினியர் நிமிர்ந்து கேட்டார்: "இந்தப் பக்கம் உங்க ஆளுங்க யாராவது இருக்காங்களா சார்? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் மாத்த முடியாது."

"இல்லீங்க, எல்லாம் இந்தப் பக்கம்தான்" என்றார் தலைவர். அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத ஓர் ஆட்டல். கோடு மெல்லியது, நிலம் பெரியது, அந்த மனையின் மேலேயே போகும் என்பது என்ன நிச்சயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்தால் லைன் மறுபடி உப்பளத்துக்கே வந்துவிடும் என்பதுதான் உள்ளே இருந்த பயம்.

செய்தி வந்த அன்று உப்பளத்தில் லட்டு கொடுத்தோம். அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "நம்ம கையெழுத்துக்கும் ஒரு மதிப்பு இருக்குது பாரு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். முறைப்படி நோட்டீஸ் வரும், அவரே தெரிந்துகொள்வார், ஆட்சேபணை சொல்ல அவருக்கும் நேரம் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

அதன்பின் ஒரு சீசன் போய், மழை வந்து, பாத்திகள் மூழ்கி, மறுபடி உப்பு எடுக்க ஆரம்பித்த பிறகுதான் அக்கா என் கடைக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். வீடு கட்ட அரசாங்கத் திட்டத்தில் பெயர் வந்திருந்ததாம். இடத்தைப் பார்க்க வந்தவர், மேலே லைன் வரப்போகிறது, கீழே வீடு கட்ட அனுமதி கிடையாது என்று எழுதிவிட்டாராம். டவர் அவருடைய மனையில் இல்லை. கம்பி மட்டும்தான் மேலே போகும், அதனால் அவருக்கு நோட்டீஸும் வரவில்லையாம். ஓரத்திலிருந்த இரண்டு தென்னைகளையும் வெட்டச் சொல்லியிருந்தார்கள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?" என்று கேட்டார். குற்றம்சாட்டுகிற குரல் இல்லை. விவரம் கேட்கிற குரல்தான்.

"இல்லக்கா. எனக்கும் இப்பதான் தெரியுது" என்றேன்.

அந்தப் பொய்க்குப் பரிகாரம் போல, அவருக்காக ஒரு மனு எழுதினேன். முதல் மனுவை எழுதிய அதே கை, இந்த முறை பறவைகளைப் பற்றி எதுவும் எழுதவில்லை. குழுவில் இருந்தவர்களிடம் கையெழுத்து கேட்டுப் போனேன். தலைவர் காபி கொடுத்தார். நம்ம வேலைதான் முடிஞ்சிடுச்சே, மறுபடி போய் நின்றால் நாம் வாங்கினதும் போய்விடுமே என்றார். அவர் சொன்னது நான் முன்பு எனக்குள் சொல்லிக்கொண்டதுதான் என்பதால் என்னால் வாதாட முடியவில்லை. உப்பளப் பெண்கள் போட்டார்கள். வேறு யாரும் போடவில்லை.

அக்காவும் நானும் பஸ் பிடித்துத் திண்டிவனம் போனோம். அதே ஆபீஸ், அதே இன்ஜினியர். மனுவை முழுக்கப் படித்தார். டவர்களுக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது, இனி நகர்த்த வழியில்லை என்று பொறுமையாக விளக்கினார். எந்தப் பக்கம் தள்ளினாலும் யாராவது ஒருவர் இருக்கத்தானே செய்வார்கள் என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி அக்காவிடம் சொன்னார்:

"அன்னைக்கே இவர்கிட்ட மேப்ப காட்டி கேட்டேனேம்மா, அந்தப் பக்கம் உங்க ஆளுங்க யாராவது இருக்காங்களான்னு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்ஜினியரிடம் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். பிரம்மதேசத்தில் இறங்கும்போது கண்டக்டரிடம் என்னைக் காட்டி, அவர் மரக்காணம் போறாரு, டிக்கெட் எடுத்தாச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த முறை ஷூட்டிங்குக்குப் போனபோது, கொட்டகைச் சாவி இப்போது ஓனரிடம் இருக்கிறது என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. பெண்கள் காருக்குள் புடவை மாற்றினார்கள்.

மன்னிப்பு கேட்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. ஒரு காலையில் கேமரா இல்லாமல் போனேன். அவர் பலகையால் உப்பை இழுத்து ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். மேப்பைப் பார்த்தது, ஏரியையும் கிணற்றையும் அடையாளம் கண்டது, தலையை ஆட்டியது, கடையில் பொய் சொன்னது எல்லாம். அவர் இழுப்பதை நிறுத்தாமல் கேட்டார். பாத்தியின் கடைசிவரை போய்த் திரும்பிய பிறகுதான் பேசினார்.

"நீ சொல்லியிருந்தா என் நெலத்துல வேணாம்னு நானும் மனு போட்டிருப்பேன். அப்புறம் அது வேற எவ தலை மேலயாவது போயிருக்கும். அவளுக்கு நானும் சொல்லியிருக்க மாட்டேனோ இன்னாவோ. ஆனா அந்த இன்ஜினியரு கேட்டப்ப, இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல தம்பி. நான் இருக்கறேன்னு."

அவர் பலகையைத் திருப்பி அடுத்த பாத்தியில் இறங்கினார்.

இப்போது அவர் மனையில் மணிலாக்கடலை போடுகிறார்கள். குடும்பம் இன்னும் அவருடைய தம்பி வீட்டின் ஒரு பகுதியில்தான் இருக்கிறது. மழைத் தூறலில் கம்பி இரையும் என்று உப்பளத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தால் பேசுகிறார். சாப்பிட்டியா என்று கேட்கிறார். பிள்ளைகளை விசாரிக்கிறார். தன் வீட்டு விஷயம் எதையும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை, கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. மற்றபடி தொழில் நன்றாகத்தான் நடக்கிறது. போன வாரம்கூட சென்னையிலிருந்து வந்த ஒரு ஜோடி, இந்தக் காலத்தில் ஒரு கம்பிகூடக் குறுக்கே வராத இடம் கிடைப்பது அபூர்வம் என்று சொன்னார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன்.