மூன்று தட்டு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது என் அக்காவுக்கும் அத்தானுக்கும் நடந்தது. அக்காவின் மணிக்கட்டை நானே பார்த்தேன்.

பழைய நினைவுச் சின்னங்களைப் பழுது பார்ப்பது அவர்கள் வேலை. அத்தானுக்கு 'சுவர் டாக்டர்' என்று பட்டப்பெயர். சுவரைத் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், உள்ளே பொந்து இருந்தால் துளை போட்டுச் சுண்ணாம்புப் பால் ஏற்றுவார். "என் பேஷண்ட் ஒருத்தரும் செத்ததில்ல" என்று பெருமை வேறு.

அன்று போனது பாறையைக் குடைந்த ஒரு நிலத்தடிக் கல்லறை. மழைக்கு முன் பொந்தை அடைக்காவிட்டால் சுவர் ஓவியம் கொட்டிவிடும். கூரையிலும் விரிசல். அதனால் அத்தான் மட்டும் இறங்கினார். அக்கா மேலே, புனலில் சுண்ணாம்பு ஊற்ற. குரல் எட்டாது. சுவருக்குள் போகும் இரும்புக் குழாயில் தட்டுவதுதான் பேச்சு. ஒரு தட்டு என்றால் ஊற்று. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் ஆபத்து, இறங்கி வா.

"மூணு தட்ட வச்சிடாதீங்க" என்றாள் அக்கா.

"தட்டினா வந்துடுவியாக்கும்?"

"ஓடியே வருவேன்."

அரை வாளி கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தார். இரண்டு வாளி போயும் நிரம்பவில்லை. மதியம் இரண்டேகால். காதைச் சுவரில் வைத்தார்.

டொக்.

உள்ளேயிருந்து.

சுண்ணாம்பு இறங்கும் சத்தம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் மேலேயிருந்து இன்னொரு வாளி சுண்ணாம்பு குழாயில் இறங்கியது. அவர் ஊற்றச் சொல்லித் தட்டவே இல்லை. குழாயில் இரண்டு தட்டினார்.

சுவருக்குள்ளிருந்து ஒரு தட்டு. மறுபடி சுண்ணாம்பு வந்தது.

 குழாயை எட்டிப் பிடித்தார். குழாய் அதிர்ந்தது...

டொக்... டொக்... டொக்.

அவர் தட்டவில்லை.

விளக்கு அணைந்தது.

"வராதே! மேலேயே இரு!"

ஏணியில் காலடி. இறங்கிக்கொண்டே இருந்தது. அத்தான் இரண்டு கையாலும் சுவரைத் தடவித் தடவி நடந்தார்.

இருட்டில், தூரத்தில், அக்காவின் குரல்.

"அதான் வந்துட்டேனே. கையை விடுங்க... வலிக்குது."

அத்தானின் இரண்டு கையும் சுவரில் இருந்தன.

எப்படி மேலே வந்தார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை. வெளிச்சத்தில் பார்த்தால், அக்காவின் மணிக்கட்டில் ஈரச் சுண்ணாம்பில் ஐந்து விரல். அத்தான் தன் விரல்களை அதன் மேல் வைத்துப் பார்த்தார். அவர் விரல்கள் ஒரு கணு குட்டை.

கூரை விழவில்லை. ஓவியமும் பிழைத்தது. ஆறு மாதம் கழித்துச் சோதிக்க வந்தவர்கள் அந்த இடத்தைத் தட்டினார்கள். இன்னும் பொந்துச் சத்தம். சின்னத் துளை போட்டு கேமராவை உள்ளே விட்டார்கள்.

சுண்ணாம்பு நன்றாக இறுகியிருந்தது, நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடத்தை விட்டுவிட்டு. தலை, தோள், சுவரோடு ஒட்டிய காது எல்லாம் அச்சு வார்த்ததுபோல் பதிந்திருந்தன. உள்ளே எலும்பு இல்லை. தூசிகூட இல்லை. வெளியே போக வழியும் இல்லை.

ஒரு கை, தட்டுவதற்கு மடக்கிய முஷ்டியாக இருந்தது. இன்னொரு கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் வெறும் சுண்ணாம்பு. அது இறுகிய நேரத்தில் அந்தக் கை மட்டும் அங்கே இல்லை.

அக்கா இப்போதும் அந்த மணிக்கட்டை உடம்புக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். காலையில் எழுந்தால், அது வெளியே கிடக்கிறதாம்.