நடு வீட்டின் ஐந்து குடம்

எங்கள் தெருவின் தண்ணீர் லாரியை நிறுத்தியது நீங்கள்தான், மாமா. நகராட்சி இல்லை, பொய்த்துப்போன மழை இல்லை. நீங்கள். அதையும் என் வாயாலேயே செய்தீர்கள். அப்போது எனக்குப் பதினோரு வயது.

இத்தனைக்கும் உங்களைவிடப் பிடித்த ஆள் எனக்குக் கிடையாது. சனிக்கிழமையானால் உங்கள் மொபெட்டில் தொற்றிக்கொண்டு அடி அண்ணாமலையில் இருந்த உங்கள் மோர்க்கடைக்கு வந்துவிடுவேன். மோர் குடிப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: மலையைச் சுற்றி முடிக்க எவ்வளவு நேரமாகும்? "நாலு மணி நேரம்" என்பீர்கள். ஒருநாள் தரையில் உருண்டபடியே மலையைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கடையைக் கடந்தார். முந்தின நாள் காலையில் கிளம்பியவர்.

"அவரையும் சேத்து சராசரி போட்டா ஜாஸ்தி வருமே மாமா?"

"அவரைச் சேத்தா கேக்கறவன் பயந்து பஸ் ஏறிடுவான் பாப்பா. எல்லாரையும் வரிசையா நிக்க வை. நடுவுல ஒருத்தன் நிப்பான் பாரு, அவன் நேரத்தைச் சொல்லு."

பச்சை மிளகாய் மிதந்த அந்த மோரின் உறைப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. நீங்கள் சொன்னதும் இருக்கிறது.

அடுத்த கோடையில் நீங்கள் கவுன்சிலர். எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த ஒரே லாரியை உங்கள் தெருவும் கேட்டது. குழாயில் எங்கே தண்ணீர் கம்மியோ அங்கே லாரி என்று முடிவானது. எங்கள் தெருவைக் கணக்கெடுக்கப் புது நோட்டு வாங்கித் தந்து என்னை அனுப்பினீர்கள்.

எட்டு வீடுகளுக்கு ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து, மிஞ்சிப்போனால் ஆறு குடம். ஒன்பதாவது, ஆசிரமத்துக்கு வருபவர்கள் தங்கும் விடுதி. குழாயிலேயே மோட்டாரை மாட்டி மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்வார்கள். அறுபத்தெட்டு குடம். அதை எழுதலாமா என்று உங்களைத்தான் கேட்டேன்.

"அதுவும் ஒரு வீடுதான? எழுது பாப்பா."

மொத்தம் நூற்றெட்டு. ஒன்பதால் வகுத்தால் மீதியே இல்லாமல் பன்னிரண்டு. நூற்றெட்டு வந்ததே, சாமியே கணக்குப் போட்டுக்கொடுத்த மாதிரி எனக்குப் புல்லரித்தது.

வார்டுக் கூட்டத்தில் என்னை நாற்காலிமேல் ஏற்றிப் படிக்கச் சொன்னீர்கள். உங்கள் தெருவில் விடுதி கிடையாது. வீட்டுக்கு ஏழு குடம். எங்கள் தெருவில் பன்னிரண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். லாரி உங்கள் தெருவுக்குத் திரும்பியது.

வீட்டில் அம்மா என்னை நிற்க வைத்துக் கேட்டாள்.

"பன்னெண்டாடி? இங்க அஞ்சுதான் இருக்கு. மீதி ஏழை அடுப்புக்கு அடியில வச்சிருக்கியா?"

"வகுத்தா அதாம்மா வருது."

அம்மாவுக்குக் கணக்கு வராது என்று பரிதாபப்பட்டேன். மறுநாளிலிருந்து அவள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடங்களோடு செங்கம் ரோட்டு அடிபம்புக்கு நடந்தாள். அதுவும் வீம்பு என்றே நினைத்தேன்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தீர்கள். "பாப்பா கணக்குல புலி, அக்கா" என்று என் தலையைத் தடவினீர்கள். அம்மா உங்கள் முன்னால் ஒரு டம்ளரை வைத்தாள். அதில் பாதிதான் தண்ணீர்.

"பன்னெண்டு குடத்துக்காரி வீடுடா இது. நல்லா குடி."

நீங்கள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு தொடாமலே எழுந்து போனீர்கள். வெயிலில் வந்தவர் ஏன் குடிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. தன் தம்பிக்குத் தண்ணீர்கூட நிறையக் கொடுக்காத அம்மாமேல் எனக்குக் கோபம். நீங்கள் விட்டுப்போனதை நான் குடித்தேன்.

இப்போது மறுபடியும் தேர்தலில் நிற்கிறீர்கள். துண்டறிக்கையில் மறுபடியும் வீட்டுக்கு இத்தனை குடம் என்று சராசரியை அச்சடித்திருக்கிறீர்கள். அம்மாவின் முட்டி தேய்ந்துவிட்டது. அதை எதனால் வகுப்பீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் வரும் நேரத்துக்கு எங்கள் குழாயடிக்கு வாருங்கள். தெருவே வரிசையாக நிற்கும்; நடு வீட்டில் ஐந்து குடம்தான். உருண்டு வந்தவரைச் சேர்க்கக் கூடாது என்று தெரிந்த உங்களுக்கு, மோட்டார் வைத்தவனைச் சேர்க்கக் கூடாது என்று தெரியாதா? உங்கள் அக்காவின் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.