அக்காவின் இடுப்பில் இருந்த சாவிகள்

தாய்க்குத் தாயாக இருந்து என்னை ஆளாக்கிய அக்கா எங்களைத் தவிக்கவிட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

அக்கா காஞ்சிபுரம் பக்கத்தில் கூரம் கிராமத்தில் பிறந்தவர். பெற்றோர் கூலி வேலைக்குப் போனவர்கள். எட்டாம் வகுப்போடு தம் படிப்பை நிறுத்திக்கொண்டு என்னைப் படிக்க அனுப்பினார். திருமணமான நான்காம் ஆண்டே மாமா இறந்துவிட, காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் வார்டு வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெற்றபின் சின்ன காஞ்சிபுரத்தில் எங்களோடு இருந்தார்.

சும்மா இருக்கத் தெரியாத பிறவி. எதிர் வீட்டு மருமகள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு விடியற்காலையில் பஸ் ஏறுபவள். படுத்த படுக்கையாகிவிட்ட மாமனாரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்துப் போவாள். அக்கா போய்க் கஞ்சி கொடுத்து, துடைத்து, புரட்டிப் படுக்க வைப்பார். செய்தி பரவியது. ஒரு சாவி நான்கானது, பிறகு பதினொன்றானது. "வேற ஆளே கெடைக்கலக்கா" என்று யாராவது வந்து நின்றால் அக்காவுக்கு முடியாது என்று சொல்ல வராது. எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று எழுதியும் வைக்கமாட்டார். தொலைந்தால் திருடனுக்கு வழிகாட்டியது போல ஆகிவிடுமாம். நல்ல யோசனை என்று நானும் மெச்சினேன்.

நெஞ்சு வலிக்கிறது என்று இரண்டு நாளாகச் சொன்னார். டாக்டரிடம் போகக் கூப்பிட்டேன். "நாளைக்குப் போலாம்பா. அவங்கெல்லாம் காத்துக்கினு இருப்பாங்க" என்றார். மறுநாள் காலை புறப்படும்போதே வாசற்படியில் சரிந்துவிட்டார்.

உறவினர்கள் வந்தார்கள், அழுதோம், பந்தல் போட்டோம். பிற்பகலில் அக்காவைக் குளிப்பாட்டிய பெண்கள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா அலறினார்: "அய்யய்யோ, பூட்டின வூட்ல ஆளுங்க இருக்காங்களே! காலைலேர்ந்து யாரும் போகலையே!"

கொத்தோடு ஓடினோம். வீடுகள் தெரியும், சாவி தெரியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். கடைசி வீட்டில் அவசரத்தில் எதுவும் சேராமல், பட்டறைக்காரரைக் கூட்டிவந்து பூட்டையே உடைத்தோம். கண் தெரியாத அம்மா ஒருவர் நனைந்த பாயில் கிடந்தார். காலடிச் சத்தம் கேட்டதும், "ஏம்மா, இன்னிக்கு இவ்ளோ லேட்டு?" என்றார். அவரைத் துடைத்துவிடக்கூட எனக்குத் தெரியவில்லை. அவருடைய மகளுக்குப் போன் செய்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அந்த அம்மா மூன்று மாதத்தில் போய்விட்டார். முதுகெல்லாம் புண் என்றார்கள். இந்த ஓராண்டில் பூட்டிய வீடுகள் கூடிக்கொண்டேதான் போகின்றன. போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. விடியும்போதெல்லாம் எனக்கு இதுவே நினைவு, வேறு வழியும் தெரியவில்லை.

அன்று பூட்டை உடைத்துத் தந்த பட்டறைக்காரருக்கும், அக்காவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், காரியங்களில் உடனிருந்த சொந்தபந்தங்களுக்கும் நன்றி. ஆளுக்கு ஒரு சாவியாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று உங்களை இங்கே கேட்க நினைத்தேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை. நானும் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் எதிர் வீட்டு மருமகள் சாவியோடு வந்து, "மத்தியானம் மட்டும் பாத்துக்குங்கண்ணா" என்று நின்றாள். அக்காவின் நினைவு மலருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.