ஜெர்மனிக்குப் போகாத சண்முகப்ரியா

அமெரிக்காவில், டெக்ஸஸின் ரவுண்ட் ராக்கில் பொங்கல் விழா என்றால் பந்தியில் நின்று இன்னொரு கரண்டி போடுகிறவள் சண்முகப்ரியாதான். சிரித்த முகம். எனக்கு அவள் கிட்டுசாமியின் மூத்த மகள். கிட்டுசாமி என் சித்தப்பா மகன், தாராபுரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிறான். அந்த முறையில் நான் அவளுக்கு அத்தை. என் மகன் வீடும் அவள் வீடும் பக்கத்துப் பக்கத்துத் தெரு.

கிட்டுசாமிக்கு இரண்டும் பெண்கள். சின்னவள் எழிலரசிக்குக் காது குத்தினபோது ப்ரியாவுக்கு ஐந்து வயது இருக்கும். இவள் காது எப்போதோ குத்தியாயிற்று. ஆனாலும் தங்கச்சி மாமன் மடியில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, தனக்கும் இன்னொரு தடவை குத்த வேண்டும் என்று மண்ணில் புரண்டாள். ஆசாரி ஊசியைச் சும்மா தொட்டு எடுத்த பிறகுதான் கறிச்சோற்றில் கை வைத்தாள்.

எங்கள் வகையறாவில் முதலில் விமானம் ஏறியவள் ப்ரியா. ரொம்ப வருஷம் அந்தப் பெருமை அவளுக்கு மட்டும்தான். பிறகு எழிலைக் கட்டிய நஞ்சுண்டனுக்கு ஜெர்மனியில் மன்ஹைம் என்கிற ஊரில் வேலை கிடைத்தது. வந்தது வினை. சனி, ஞாயிறு ஆனால் போதும், குடும்ப வாட்ஸ்அப்பில் படமாக வந்து விழும். மலை மேல் இடிந்த கோட்டை, வானத்தைக் குத்துகிற கோபுரம் வைத்த சர்ச், ராஜா இருந்த அரண்மனை. கைக்குழந்தையை வயிற்றோடு கட்டிக்கொண்டு எழில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பாள்.

ப்ரியா அந்தப் படங்களை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

"கோட்டு புதுசு பாருங்க அத்தை. போன வாரம் வேற கலர்."

"குளுருக்குப் போட்டிருக்கா, விடு அம்மிணி."

"நான் அதிதியப் பெத்தப்ப மூணு மாசம் வாசல்ல இருக்கற மெயில் பாக்ஸ் வரைக்கும்கூடப் போகல. இவ கோட்டை ஏறறா. டிரெயின்ல ஏறினா பாரிஸாம். ஏதோ நாம அவிநாசி போற மாதிரி சொல்றா."

அவளுடைய கஷ்டம் எனக்குத் தெரியும். புருஷன் சபரிநாதனுக்கு கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி. நாட்டை விட்டுக் கால் எடுத்து வைத்தால் திரும்ப எப்போது விடுவார்களோ. அவரோடு வேலை பார்த்த ஒருத்தர் அப்பா காரியத்துக்குப் போய்க் கோயம்புத்தூரிலேயே மாட்டிக்கொண்டார். வீடு இருக்கிறது, கார் இரண்டு இருக்கிறது. ஆனால் இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

பீச் பழக் காலத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு ஃப்ரெடரிக்ஸ்பர்க் போனார்கள். அந்தக் காலத்தில் ஜெர்மனிக்காரர்கள் வந்து குடியேறின டெக்ஸஸ் ஊர். கடைப் பலகையெல்லாம் அவர்கள் பாஷை. கல் வீடுகள். நடுவில் எட்டு மூலையாக ஒரு பழைய கட்டடம். அதைப் பார்த்ததும் ப்ரியாவின் கண் மின்னிவிட்டது. அந்த வெயிலில் காரிலிருந்து குளிர்காலக் கழுத்துத் துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"அம்மா, இட்ஸ் எ ஹண்ட்ரட் டிகிரீஸ்!" என்றாள் அதிதி.

"சும்மா நில்லுடி. ஏங்க, கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளி எடுங்க. படத்துல அந்தக் கொடி விழுது."

"பட் மாம், தட்ஸ் த டெக்ஸஸ் ஃப்ளாக்."

"அதனாலதான் சொல்றேன்."

சபரிநாதன் என்னைப் பார்த்தார். நான் பீச் பழத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கே படம் குழுவில் ஏறியது. கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. சின்ன மாமன் மயில்சாமிதான் முதலில் கேட்டார்: "அடடே ப்ரியா, ஜெர்மனி போயாச்சா! தங்கச்சி வீட்டு விருந்து பலமா?" ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டாள். அதற்குப் பிறகு வாழ்த்து மழை. கிட்டுசாமி மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டிக் காட்டினானாம்.

நான் சொன்னேன்: "தப்பா நெனச்சுக்குவாங்க அம்மிணி, சொல்லிப்போடு."

"நாளைக்குச் சொல்றேன் அத்தை. இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் நான் அவள் சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எழில் கூப்பிட்டாள். ப்ரியா மாவுக் கையோடு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கக்கா இருக்கறே?"

ப்ரியா மாவை ஒரு தரம் புரட்டினாள்.

"நீ சொல்லாம வந்து நிக்கப் போறேன்னு நெனச்சேன். அப்பா வேற போன் பண்ணி, அக்காளுக்குக் கறி ஆக்கிப் போடுங்கறாரு. ரெண்டு நாளா ஆக்கி வெச்சுட்டுக் கதவையே பார்த்துட்டிருக்கறேன். ஊர் சுத்த வந்தவளுக்கு எங்க வீடு மட்டும் தூரமாப் போச்சா?"

"எழிலு..."

"அம்மாவுக்கு முழங்கால் வலி, வர முடியல. பொறந்த வீட்ல இருந்து ஒருத்தராச்சும் வந்துதான் கொழந்தைக்கு அரைஞாண் கட்டோணும்னு இன்னும் கட்டாம வெச்சிருக்கறேன்க்கா. நீ கூட வேண்டாம்னு போயிட்டியா?" தேம்பினாள். கூடவே குழந்தையும் அழுதது.

எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. கூடப் பிறந்தவள் ஊருக்கு வந்தும் வாசல் மிதிக்காமல் போனால், உறவு வேண்டாம் என்று ஊரறியச் சொன்ன மாதிரி. இவள் பேசாமல் இருந்தால் அக்கா தங்கை உறவு போய்விடும். பேசினால் மானம் போய்விடும். ப்ரியாவின் விரலில் மாவு காய்ந்துகொண்டிருந்தது.

"அது ஜெர்மனி இல்லடி," என்றாள். "இங்க டெக்ஸஸ். வீட்ல இருந்து ரெண்டு மணி நேரம் டிரைவ். கொடி விழாம எடுத்தேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"ஏங்க்கா அப்படிப் பண்ணினே?"

"நீ வாராவாரம் போடறியல்ல. நான் எதைப் போடறது? காஸ்ட்கோ கடையையா?"

எழிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத மூக்கோடு அப்படிச் சிரித்தாள். "கழுத்துல அந்தத் துணி எதுக்குக்கா? மொகமெல்லாம் வேர்த்திருந்துச்சே! நான் காய்ச்சல்னு நெனச்சேன்."

"சிரிக்காதே. நான் அங்க வந்தா இந்த ஊருக்குத் திரும்ப முடியுமோ என்னமோ. இல்லாட்டி அரைஞாண் கட்ட வராம இருப்பேனா?"

"அதுக்கென்னக்கா, நான் வர்றேன். கொழந்தைக்குப் பாஸ்போர்ட் வந்தாச்சு, எங்க எல்லாருக்கும் அமெரிக்கா விசாவும் இருக்குது. கிறிஸ்மஸ் லீவுல தூக்கிட்டு வந்துடறேன். உன் கையாலயே கட்டு."

"வாடி தங்கம்," என்றாள் ப்ரியா. மனசாரத்தான் சொன்னாள். போனை வைத்ததும் அப்பாவுக்கும் மாமனுக்கும் தெரிகிற மாதிரி குழுவில் உண்மையைப் போட்டாள். கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"பாத்தீங்களா அத்தை," என்றாள், குழாயை மூடாமலே. "நினைச்சா கிளம்பி வர்றா. என்னைப் பார்க்க வர்றதுக்கும் அவளாலதான் முடியுது."