பச்சை எருவும் பில்சூனின் கொழுந்தனும்

எங்கள் ஊரில் பில்சூன் அளவுக்கு அலுத்துக்கொள்ளும் பெண் வேறு யாருமில்லை. அலுத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவார் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. சுங்சோங் வட்டாரத்து மலைச்சரிவில் அவருடைய கோழிக்கொட்டகை இருக்கிறது. தரையில் நெல் உமியைப் பரப்பிக் கோழி வளர்க்கிறார். கோழிகள் விற்றுப்போனதும், எச்சமும் உமியும் சேர்ந்து இறுகிப்போன கூளத்தை வாரி வெளியே கொட்ட வேண்டும். அவர் கணவர் ஜோங்மனுக்குச் சரியாக அந்த வாரம் இடுப்புவலி வந்துவிடும்.

வாரிய கூளத்துக்குத் தண்ணீர் தெளித்து மூடிவைப்பார் பில்சூன். உள்ளே சூடேறி ஆவி பறக்கும்போது புரட்டிப்போட்டு மறுபடி மூடுவார். கண்ணைக் கரிக்கும் நெடி போய், மழை நனைத்த காட்டு மண்ணின் வாசம் வரும்வரை அதை எரு என்றே சொல்லமாட்டார். புதுக் கூளம் சாலையோரம் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும். மக்கியது கொட்டகைக்குப் பின்னால்.

அந்த வசந்தத்தில் கொழுந்தன் கிதே எரு கேட்டு வந்தார். அவருடைய பசுமைக்குடிலில் மிளகாய் நாற்று நட வேண்டியிருந்தது.

“பின்னாடி இருக்கறத அள்ளிக்குங்க தம்பி. ரோட்டோரம் இருக்கறதத் தொட்டுடாதீங்க. அது இன்னும் பச்சை” என்றார் பில்சூன்.

“தெரியும் அண்ணி. நான் என்ன சின்னப் புள்ளையா?”

பில்சூன் சந்தைக்குக் கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது நீலத் தார்ப்பாய் ஒருபக்கம் சரிந்து கிடந்தது. பின்பக்கத்துப் பாதையில் சேறு. அதில் வண்டியைப் பின்னோக்கி ஓட்டச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டியதையே வாரிப்போயிருந்தார் கிதே. பில்சூன் உடனே தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மண்ணுல கலந்துட்டேன் அண்ணி. எருன்னா எருதானே? இதுல பச்சை என்ன, பழுப்பு என்ன?”

“நடாதீங்க தம்பி! மண்ணு ஆறட்டும்!”

“சரி, சரி” என்று வைத்துவிட்டார். அன்று மாலையே நட்டும் விட்டார். இரவில் குளிர் இருந்ததால் பிளாஸ்டிக் திரைகளை நன்றாக இழுத்து மூடினார்.

அந்த வாரத்துக்குள்ளேயே பில்சூன் வீட்டு வாசலில் கிதேயின் குரல் கேட்டது.

“அண்ணி! உங்க எரு என் செடியையெல்லாம் கொன்னுடுச்சு!”

“என் எருவா? நான் குடுத்தது பின்னாடி அப்படியே கிடக்கு. நீங்க எடுத்துட்டுப் போனதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

உள்ளே படுத்திருந்த ஜோங்மன், “விடு, தம்பிதானே” என்றார்.

“ஆமா, விட்டுடறேன். எதை விடறதுன்னு மட்டும் சொல்லுங்க!” என்று கத்திவிட்டு, பில்சூன் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அந்தக் குடிலுக்குள் நானும் போய்ப் பார்த்தேன். மூடிய திரைக்குள் எருவின் நெடி அடைபட்டிருந்தது; ஒரு மூச்சு இழுத்ததுமே கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. இலைகளின் ஓரம் வெளுத்துச் சுருண்டிருந்தது. பில்சூன் இருபக்கத் திரைகளையும் சுருட்டி மேலேற்றினார். பிழைக்கக்கூடிய நாற்றுகளைப் பிடுங்கித் தொட்டிகளில் வைத்தார். பிறகு காற்று புகும்படி மண்ணை மண்வெட்டியால் கிளறினார். கிதே வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, “அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் ஆழமா கிளறுங்க அண்ணி” என்றார். பில்சூன் மண்வெட்டியை அவர் காலடியில் வீசினார்.

“இந்தாங்க. ஆழம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுது.”

அன்று மீதி மண்ணைக் கிளறியவர் கிதேதான்.

மண்ணின் நெடி அடங்கிய பிறகு, தன்னிடம் மிஞ்சியிருந்த நாற்றுகளையும் பில்சூனே கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுக்கும்போதும் திட்டினார். காய்ப்பு தாமதமாக வந்தது; ஆனாலும் செடிகள் இடுப்பளவு வளர்ந்து, சிவக்கச் சிவக்கக் காய்த்தன. கிதே நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கூடை மிளகாயை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போனார். பில்சூன் அதைக் கிளறிப் பார்த்து, “பாதி சொத்தை” என்றார். நான் பார்த்தவரை சொத்தை இல்லை.

குளிர்காலத்தில் ஊர்க்கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். கிதே நடுவில் உட்கார்ந்து பிரசங்கம் செய்தார். “கோழி எருன்னா பொறுமை வேணும். கையில அள்ளி மோந்து பாக்கணும். நெடி அடிச்சா, தொடவே கூடாது. நான் அனுபவத்துல சொல்றேன்.”

பக்கத்தில் இருந்த பெண் பில்சூனை இடித்தார். “ஏன் அக்கா, இதெல்லாம் நீ சொன்னதுதானே? சும்மா உக்காந்திருக்கே?”

“ஒருத்தருக்குச் சொல்லியே என் தொண்டை போயிடுச்சு. அவர் ஊருக்கெல்லாம் சொல்லட்டும். எனக்கு வேலை மிச்சம்.”

சொல்லிவிட்டு, பூண்டுத் தோலை மடியிலிருந்து உதறி எழுந்தார். காலையில் புரட்டிய குவியலை மூடாமல் வந்துவிட்டாராம். வெளியே பனி தூற ஆரம்பித்திருந்தது. ஜோங்மன் சுவரில் சாய்ந்தபடி, “இரு, நானும் வரேன்” என்றார்.

“இடுப்பு?” என்று கேட்டார் பில்சூன்.

ஜோங்மன் கொஞ்சம் யோசித்தார். பிறகு மறுபடி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.