செக்கிங்காரரின் ஒரே முகவரி

தெருவில் அவரை ‘செக்கிங்’ என்றுதான் சொல்வார்கள். முப்பத்திரண்டு வருஷம் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி டிக்கெட் சோதித்தவர். உத்தியோகத்திலிருந்துதான் ஓய்வு பெற்றார், சந்தேகத்திலிருந்து இல்லை. பால் பாக்கெட்டைக்கூடக் கவிழ்த்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே எடுத்துப் போவார்.

அப்பேர்ப்பட்டவர் எதிர்வீட்டு நர்ஸின் கதவைத் தட்டி உதவி கேட்டார். போனிலேயே நெட் இருப்பதால் வீட்டு இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிட வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனி கொடுத்த மெயில் முகவரி மட்டும் போகக்கூடாது.

“புதுசா ஒண்ணு திறந்துக்கலாமே மாமா? அஞ்சு நிமிஷ வேலை.”

“வேண்டாம். இதுதான் வேணும்.”

“அதுல அப்படி என்ன இருக்கு?”

“அது உனக்கெதுக்கும்மா?” என்றார் வெடுக்கென்று.

அதில் இருந்தது தங்கை. அம்மா இறந்த வாரம் அம்மாவின் சங்கிலி காணாமல் போயிற்று. உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், பஸ்ஸில் கேட்கிற அதே குரலில், “பையைத் திறந்து காட்டு” என்று கூடப் பிறந்தவளிடம் கேட்டார் இந்த மகானுபாவர். திறந்து காட்டினாள். சங்கிலி இல்லை. பையின் உள்துணியையும் தடவிப் பார்த்தார். அன்றைக்குப் போனவள்தான், வீட்டை மாற்றினாள், போன் நம்பரையும் மாற்றினாள். வருஷத்துக்கு ஒருமுறை, அவர் பிறந்த நாளில் மட்டும், அந்த முகவரிக்கு ஒரு வரி வரும்: ‘நல்லா இருக்கியா?’ இப்படிப் பன்னிரண்டு வருஷம். இவர் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை.

நாலாம் வருஷம் பீரோவை நகர்த்தியபோது பின்னால் சங்கிலி கிடந்தது. அதை எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் முகவரி போய்விட்டால் அந்த ஒரு வரியும் வராது. அண்ணன் கதவைச் சாத்திவிட்டான் என்று நினைத்துக்கொள்வாள். அதனால்தான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியது.

நர்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மெயிலை முதலில் இலவசக் கணக்குக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் இணைப்பை எடுக்க வேண்டும், முறை மாறினால் முகவரி போய்விடும் என்றாள் அங்கே பேசிய பெண்.

“சும்மா கொடுக்கிறீங்களா? சும்மா கொடுக்கிறவன் எதையோ எடுக்காம விடமாட்டானே!”

டிக்கெட் இல்லாதவனைக் கேட்கிற மாதிரி ஒரே கேள்வியை முன்னும் பின்னுமாக மாற்றி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில். அந்தப் பெண்ணின் பெயர், ஊழியர் எண், பேசிய நேரம் எல்லாம் நோட்டில் ஏறின. நர்ஸ் மெயிலை மாற்றி, அவர் போனிலும் வைத்துக் கொடுத்தாள்.

இரண்டு நாளில் இணைப்பு போயிற்று. இன்டர்நெட் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்த உடனே எதிர்வீட்டுக்கு ஓடினார்.

“முகவரி உயிரோட இருக்குன்னு என்ன அத்தாட்சி?”

“நான் ஒரு மெயில் அனுப்பறேன், வருதான்னு பாருங்க.”

“நீயா? மாத்தினதே நீ. உன் வேலைக்கு நீயே சர்டிபிகேட் கொடுப்பியா?”

“அட ராமா! அப்ப வெளியாள் யாராவது அனுப்பணும். யார் இருக்கா உங்களுக்கு?”

அவர் யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லை.

“தங்கச்சி ஒருத்தி இருக்கா.”

அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டினார்: ‘இந்த முகவரி வேலை செய்கிறதா? பதில் போடவும்.’ பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு தங்கைக்கு எழுதுகிற லட்சணம் அது.

பத்தே நிமிஷத்தில் போன் அதிர்ந்தது. போனை நர்ஸிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

‘யார் இது? எங்க அண்ணன் எனக்கு ஒரு வரி எழுதினவன் இல்லை. திடீர்னு முகவரி வேலை செய்யுதான்னு கேட்டா நம்பிடுவேனா? நீ அவன்தான்னா, அவனுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லு.’

நர்ஸ் சிரித்துவிட்டாள். “உங்க தங்கச்சியேதான் மாமா, சந்தேகமே வேண்டாம்! உங்க பிறந்த தேதி, படிச்ச ஸ்கூல் ஏதாவது போடுங்க.”

“அதெல்லாம் எவனுக்கும் தெரியும். நானே ஒத்துக்க மாட்டேன்.”

அவருக்கு மட்டும் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து, சங்கிலியை எடுத்து வந்து நர்ஸின் மேஜைமேல் வைத்தார். போனை வாங்கித் தட்ட ஆரம்பித்தார்.

‘சங்கிலி என் பீரோவுக்குப் பின்னால்தான் கிடந்தது. எட்டு வருஷமாகத் தெரியும். நீ எடுக்கவில்லை.’

அனுப்பிவிட்டுப் போனை நர்ஸிடம் நீட்டினார்.

“போயிடுச்சா பாரு.”

“போயிடுச்சு மாமா.”

“நல்லாப் பாரும்மா,” என்றார்.